முகூர்த்த நாளில் அறுந்த இணைப்பு

கம்ப்யூட்டர் பார்க்க ஆம்பளை யாரும் வரலையா என்று கேட்பவர்களுக்கு சுஜாதா பதில் சொல்வதில்லை. பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுப்பாள். மூடி கழன்று, உள்ளே அடைந்திருந்த தூசி வெளியே வந்த பிறகு, கேட்டவர்களே காபி வேண்டுமா என்று கேட்பார்கள்.

ஆர்.கே.பேட்டை சாலையில் கரும்பும் வேர்க்கடலையும் பயிரிடும் வீராசாமியின் ஒரே மகள் அவள். தொண்ணூறுகளின் கடைசியில், கூடப் படித்த பெண்களெல்லாம் டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டபோது, அவள் தினமும் ரயிலேறி அரக்கோணம் போய் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்தாள். வீராசாமி தடுக்கவில்லை. "பம்ப் செட்டுக்கு மெக்கானிக் வர்றான், இதுக்கும் ஒரு மெக்கானிக் வேணுமில்ல" என்று மட்டும் சொன்னார். படிப்பு முடிந்ததும் அத்தை மகன் டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டாள். திருத்தணி மலையடிவாரத்தில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. மாடியில் அவன் படம் பிடித்தான். கீழே அவள் கம்ப்யூட்டர் பிரித்துப் பூட்டினாள்.

பார்கவி அவளுடைய பள்ளித் தோழி. கல்யாணமாகி அதே ஊரிலேயே, ஸ்டூடியோ இருந்த தெருவிலேயே, மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவள். மாமனார் பத்ரிநாராயணனும் கணவன் ராகவேந்திராவும் விடியும் முன்பே மலையேறிவிடுவார்கள். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு, சர்க்கரைப் பொங்கல் அண்டாவோடு படியில் சறுக்கி ராகவேந்திராவின் இடுப்பு போயிற்று. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்டா தூக்காத சமையல்காரனுக்கு மடப்பள்ளியில் என்ன வேலை இருக்கிறது? அவன் முன்ஹாலில் கட்டிலில் படுத்தான். பார்கவி வேலை தேடினாள்.

பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் சென்னை நிறுவனம் ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தபடியே, நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, அச்சுப் பிழைகளைத் திருத்தித் தர வேண்டும். மேற்பார்வையாளர் இளங்கோவன் போனில் இரண்டு நிபந்தனை சொன்னார். முதலாவது, திருட்டு விண்டோஸ் இருக்கக் கூடாது, ஆள் வந்து பார்ப்போம். இரண்டாவது, ஒரு கட்டுப் பக்கங்களை எடுத்தால் அன்றைக்கே இணைப்பு அறாமல் முடித்துத் தர வேண்டும். நடுவில் அறுந்தால் அந்தக் கட்டு பாழாகிவிடும். சோதனைக் காலத்தில் மூன்று கட்டு பாழானால் வேலை கிடையாது.

"விண்டோஸ காசு குடுத்து வாங்கற நிலமையில நாங்க இல்லடி" என்றாள் பார்கவி.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். அது இலவசம். திருட்டும் இல்ல" என்றாள் சுஜாதா.

அவள் அதுவரை யாருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததில்லை. பத்திரிகையோடு வந்த சீடியைத் தன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் வைக்கப் பின்னறைதான் தோது. முன்ஹாலில் ராகவேந்திராவைப் பார்க்க வருகிறவர்கள் ஓய மாட்டார்கள். ஆனால் டெலிபோனும் பிராட்பேண்ட் பெட்டியும் முன்ஹாலில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே அடுப்படி. மாமியார் ருக்கு மடி உடுத்திக்கொண்டு புழங்கும் இடம். அதன் சுவரில் துளை போட்டு ஒயர் இழுப்பதை அவர் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. இருபக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர்கள். மொட்டைமாடி வழியாக சுஜாதா ஒயர் கொண்டுபோனாள். அந்த வாரமே மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் அதை ஊஞ்சலாக்கிப் பிய்த்துப் போட்டன.

"அப்போ வயர்லெஸ்தான் மாமி" என்றாள் சுஜாதா. "காத்துலயே போயிடும். அடுப்படியத் தொடாது."

ருக்கு யோசித்தார். "காத்து மேல பட்டா தீட்டில்லை. வை."

வைத்தாள். முன்ஹாலில் ஆன்டெனா முளைத்த ஒரு பெட்டி. பின்னறைக் கம்ப்யூட்டரில் செருக ஒரு விரல் நீளக் குச்சி. பெட்டியை முடுக்கும்போது எத்தனையாவது சேனலில் ஓட வேண்டும் என்று அது கேட்டது. வழக்கம்போல் ஆறு என்று கொடுத்தாள். ருக்கு எட்ட நின்று எட்டிப் பார்த்து, "ஆறா, சரி, நம்ம ஸ்வாமி நம்பர்" என்று பெட்டியின் தலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

பெட்டி தயார். குச்சிதான் முரண்டு பிடித்தது.

கம்ப்யூட்டரில் எந்தக் கருவியைச் செருகினாலும் அதன் பாஷை தெரிந்த ஒரு சின்ன நிரல் உள்ளே இருக்க வேண்டும். அதை டிரைவர் என்பார்கள். குச்சி செய்தவர்கள் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதி டப்பாவுக்குள் சீடியாக வைத்திருந்தார்கள். லினக்ஸுக்கு அந்தக் குச்சி என்னவென்றே தெரியவில்லை. ஏதோ ஒன்று செருகியிருக்கிறது என்று மட்டும் காட்டியது.

சுஜாதா இணையத்தில் தேடினாள். தன்னைப் போலவே குச்சியோடு மல்லாடுகிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன வழி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. என்டிஸ்ராப்பர் என்று ஒரு நிரல். அது விண்டோஸ் டிரைவரையே கூட்டிவந்து லினக்ஸுக்குள் உட்கார வைத்துவிடும். அந்த டிரைவர் தான் விண்டோஸ் வீட்டில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். நடுவில் நிற்கும் நிரல் இவர் கேட்பதை அவருக்கும், அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்லும்.

இது அவள் பிறந்த வீட்டில் நடக்கிற கூத்துதான். அம்மா குப்பம்மாள் ஆந்திராவில் நகரிப் பக்கம். அங்கிருந்து வரும் மாமா பங்காருவுக்குத் தெலுங்கு தவிர எதுவும் வராது. வீராசாமிக்குத் தெலுங்கில் மகள் நைனா என்று கூப்பிடுவது மட்டும்தான் காதில் ஏறும். இருவரும் வெல்ல விலை பேசும்போது குப்பம்மாள் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வாள். சண்டை வரும் போலிருக்கும் வார்த்தைகளை விழுங்கியும் விடுவாள்.

என்டிஸ்ராப்பர் வேலை செய்தது. குச்சியில் பச்சை விளக்கு மினுங்கியது. பார்கவி முதல் கட்டை முடித்து அனுப்பினாள். இளங்கோவன் அனுப்பிய ஆள் வந்து பார்த்துத் தலையாட்டிப் போனார்.

அடுத்த வாரம் ஒரு கட்டு பாதியில் அறுந்தது.

சுஜாதா என்டிஸ்ராப்பரைத்தான் சந்தேகப்பட்டாள். நடுவில் நிற்கிறவர் எதையோ விழுங்கியிருக்க வேண்டும். புதிய பதிப்பு இறக்கிப் போட்டாள். சில நாள் நன்றாக ஓடியது. மறுபடி அறுந்தது. இரண்டாவது கட்டும் பாழ்.

இளங்கோவன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவைன்னா எனக்கு வேற வழியில்லம்மா, ஐடிய நிறுத்திடுவாங்க" என்றார். அன்றைக்கு பார்கவி சுஜாதாவைப் பின்வாசல் வரை வந்து வழியனுப்பினாள். ராகவேந்திரா கட்டிலில் இருந்தபடியே, "சுஜாதா, ஆத்துக்காரர்கிட்ட சொல்லி ஒரு விண்டோஸ் சீடி கிடைக்குமா பாரேன்" என்று குரல் கொடுத்தான். பார்கவி திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

டில்லிபாபுவுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இன்னா சுஜா, அந்த லினக்ஸு இன்னும் உன்ன வுடலியா?"

"சும்மா இரு பாவா."

"ஊரே விண்டோஸு போட்டுகினு ஜாலியா கீது. நீ மட்டும் தெலுங்கு டிரைவரு, தமிழு டிரைவருன்னு ஆராய்ச்சி பண்ணிகினு கீற."

"திருட்டு சீடி போட்டா அவ வேலையே போயிடும்."

"இப்ப மட்டும் நிக்குதா?"

சுஜாதா சென்னை போய் வேறு குச்சி வாங்கி வந்தாள். அதற்கு லினக்ஸிலேயே சொந்த டிரைவர் உண்டு, மாற்றிச் சொல்ல யாரும் தேவையில்லை என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் டப்பாவும் பெயரும் அதேதான், உள்ளே இருந்த சில்லு வேறு. மாற்றிக்கொண்டு வர இன்னொரு முறை ரயிலேறினாள். சரியான குச்சி வந்தது. லினக்ஸ் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டது. ஒருநாள் பார்கவி வெறுமனே செய்திப் பக்கம் திறந்துவைத்துச் சோதித்தபோது, அதுவும் அறுந்தது.

பெட்டியில் கடவுச்சொல்லைப் பூட்டும் முறையைப் பழையதாக மாற்றிப் பார்த்தாள். பிறகு புதியதாக. ஒன்றும் மாறவில்லை. பார்கவி புதுக் கட்டு எதையும் எடுக்காமல் நாளைத் தள்ளினாள். உடம்பு சரியில்லை என்று இளங்கோவனிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்யை எத்தனை நாள் இழுக்க முடியும்?

அடுப்படியிலிருந்து ருக்கு ஒருநாள் சலித்துக்கொண்டார். "ஏண்டி பார்கவி, முகூர்த்த நாளாப் பாத்துத்தான் உன் மிஷின் மக்கர் பண்றது. மாமா கல்யாண சமையலுக்கு ஒத்தாசையாப் போற அன்னிக்கெல்லாம் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுண்டிருக்கே."

மாமி கம்ப்யூட்டருக்கும் நல்ல நேரம் பார்க்கிறார் என்றுதான் சுஜாதா முதலில் நினைத்தாள். மனசுக்குள் சிரித்தும் கொண்டாள். ஆனால் வேறு வழி எதுவும் மீதமில்லை. ஆனி மாத முகூர்த்தம் ஒன்றில் காலையிலேயே பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தாள். மண்டபத்து நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் தெருவையே நிறைத்தது.

பின்னறையிலிருந்து முன்ஹால் பெட்டியை ஓயாமல் கூப்பிட்டுப் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். பெட்டி பதில் கொடுக்கக் கொடுக்கத் திரையில் ஒரு வரி விழும். வரிகள் திக்கித் திக்கி விழுந்தன. இரண்டு விழும், ஒன்று காணாமல் போகும். பிறகு நீண்ட இடைவெளி. பார்கவி பக்கத்தில் நின்று விரல் நகத்தைக் கடித்தாள்.

அப்போது கரண்ட் போயிற்று. அந்த வருஷம் தினமும் போய்க்கொண்டிருந்ததுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் பெட்டியும் கம்ப்யூட்டரும் அணையவில்லை. தெரு மட்டும் அடங்கியது. ஒலிபெருக்கி நின்று, வெறும் நாதஸ்வரம் தூரத்தில் கேட்டது.

திரையில் வரிகள் மடமடவென்று விழுந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சரியாயிடுத்தா?" என்றாள் பார்கவி.

சுஜாதா கரண்ட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. வரிகள் மறுபடி திக்கத் தொடங்கின.

அறுப்பது இந்த வீட்டுக்குள் இல்லை, வெளியே. சுற்றிலும் என்னென்ன வயர்லெஸ் பெட்டிகள் பேசுகின்றன என்று லினக்ஸைக் கேட்டாள். விண்டோஸில் பார்த்தால் பெயரும் சில கோடுகளும்தான் தெரியும். லினக்ஸ் ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் ஓடுகிறது என்பதையும் சொன்னது. கஜபதி லாட்ஜ், ஆறு. ஜவுளிக்கடை, ஆறு. வக்கீல் வீடு, ஆறு. தன் புருஷனின் ஸ்டூடியோ, ஆறு.

அத்தனையும் அவள் கையால் வைத்தவை. ஊரில் முதல் பெட்டி கஜபதி லாட்ஜில்தான் வந்தது. எந்த நம்பர் வைக்கலாம் என்று அவள் கேட்டபோது, "ஆறுமுகம் குடியிருக்கற ஊர்ல இது ஒரு கேள்வியாம்மா, ஆறு வை" என்றார் கஜபதி. பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் கேட்காமலேயே ஆறு வைத்தாள். பக்தியான பொண்ணு என்று பெயரும் கிடைத்தது. எந்த எண்ணானாலும் ஒன்றுதான், எண்ணில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

ஒரே சேனலில் பல பெட்டிகள் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். சாதாரண நாளில் யாரும் அதிகம் பேசாததால் தெரிவதில்லை. முகூர்த்த நாளில் லாட்ஜ் நிரம்பும். டில்லிபாபு மாடிக்கும் கீழுக்குமாகக் கல்யாணப் படங்களைக் காற்றில் அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்த இரைச்சலில் பார்கவியின் பக்கம் மூச்சு முட்டிச் செத்தது. லினக்ஸ் மேலும் பாவப்பட்ட என்டிஸ்ராப்பர் மேலும் இத்தனை நாள் பழி போட்டது நினைவுக்கு வந்து சுஜாதாவுக்கு முகம் சுட்டது.

கடைக்குப் போனதும் டில்லிபாபுவைத்தான் கேட்டாள்.

"பாவா, ஸ்டூடியோ பெட்டிய வேற நம்பருக்கு மாத்திடறேன்."

"இன்னாத்துக்கு?"

சொன்னாள். அவன் ஆல்பத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆறு வச்ச பொறவுதான் எனக்கு ஆர்டரே கூடிச்சு. நீயே வச்சுட்டு நீயே எடுக்கறேன்ற. தேவைனா அவங்கள மாத்தச் சொல்லு."

"கோயில் குடும்பம் பாவா. அவங்ககிட்ட போயி முருகன் நம்பர எடுன்னு எப்படிச் சொல்வேன்?"

"அப்ப நான் இன்னா, ஊருக்கு வெளிய கீறனா?"

கஜபதி இதைவிட மரியாதையாக மறுத்தார். "தேங்கா ஒடச்சி வச்சதும்மா. அசைக்காத." ஜவுளிக்கடையில் அவள் கேட்கவே இல்லை.

பார்கவியிடம் சொன்னாள். முழுதாக, தன் கை வேலை என்பது உட்பட. "அப்போ நம்ம பெட்டிய மாத்திடு" என்றாள் பார்கவி. பிறகு அவளே குரலைத் தாழ்த்தினாள். "மாமியார்கிட்ட யார் சொல்றது?"

மறுநாளும் அதற்கு மறுநாளும் சுஜாதா பின்வாசலுக்கு வந்து, பார்கவியிடம் ஏதோ பேசி, திரும்பிப் போனாள். மூன்றாவது முறை ருக்கு அடுப்படி வாசலில் நின்று மறித்தார்.

"என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? மிஷின் செத்துப் போச்சா?"

சுஜாதா சொல்லிவிட்டாள். ஆறில் கூட்டம், இந்த வீட்டுப் பெட்டி அதில் இருந்தால் பார்கவியின் வேலை நிலைக்காது, வேறு யாரும் நகர மாட்டேன் என்கிறார்கள்.

ருக்கு கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "இதைச் சொல்லவா வாசல்ல நின்னுண்டே இருந்தே? ஆடிக் கிருத்திகை அன்னிக்கி நாங்க பொம்மனாட்டிகள் யாராவது மலைக்குப் போய் நீ பாத்திருக்கியா?"

"இல்ல மாமி."

"வெளியூர்க்காரா காவடி தூக்கிண்டு எங்கேர்ந்தோ வரா. அன்னிக்கி நாமளும் போய் இடத்தை அடைச்சுண்டு நிக்கறதா? உள்ளூர்க்காரா மறுநாள் போவா. அதான் இங்க வழக்கம். ஸ்வாமி கோச்சுக்கறதில்லை." குழம்பு தீயும் வாசனை வர, உள்ளே திரும்பினார். "நகத்து. பொட்டை மட்டும் அழிச்சுடாதே."

அன்று ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அதற்கு மேல் உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாமல் பார்கவி புதுக் கட்டை எடுத்துவிட்டிருந்தாள். அதைத் திறக்கும் முன் பெட்டியின் சேனலை மாற்ற வேண்டும். ஆறிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று, சுஜாதா இருப்பதிலேயே கடைசியான பதின்மூன்றைக் கொடுத்தாள். பின்னறைக்கு ஓடி வந்து பார்த்தால் திரையில் லாட்ஜ் இருந்தது, ஜவுளிக்கடை இருந்தது, இந்த வீட்டுப் பெட்டியைக் காணோம்.

"போச்சா?" என்றாள் பார்கவி.

சுஜாதா, டிரைவர் நிரல் தானாகவே எழுதிவைத்திருந்த குறிப்புகளைத் திறந்து படித்தாள். ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசையப் படித்தாள். இந்தக் குச்சி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் பதினொன்றுக்கு மேல் சேனல் அனுமதி இல்லை. அதனால் பன்னிரண்டையும் பதின்மூன்றையும் அது ஏறெடுத்தும் பார்க்காது.

"திருத்தணியில கீறோம்னு இதுக்கு யாரும் சொல்லல" என்று முணுமுணுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றி முன்ஹாலுக்குப் போனாள். பதினொன்று கொடுத்தாள். திரும்பி வரும்போது பின்னறையில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

பார்கவி கட்டைத் திறந்தாள். மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள். இந்நேரம் டில்லிபாபு படங்களை அனுப்பத் தொடங்கியிருப்பான். சுஜாதா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, வரிகள் விழும் சின்னச் சன்னலைத் திரையின் ஓரத்தில் திறந்துவைத்தாள். முதலில் இருவருமே அதைத்தான் பார்த்தார்கள். பிறகு பார்கவி புத்தகத்துக்குள் போய்விட்டாள். ஏதோ பழைய வைத்திய நூல். ஒரு பிழையில் சிக்கி, வாய்விட்டுப் படித்து, திருத்தி, அடுத்த பக்கம் போனாள். ராகவேந்திரா முன்ஹாலிலிருந்து தண்ணீர் கேட்டான். ருக்குவே எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து தெரு வெறிச்சோடியபோது கடைசிப் பக்கம் முடிந்தது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு பார்கவி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். போனவுடனே பதில் வராது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் திரையையே பார்த்திருந்தார்கள்.

போன் அடித்தது. ராகவேந்திரா எடுத்து, "பார்கவி, உன் ஆபீஸ்" என்று கத்தினான். அவள் ஓடினாள். சுஜாதாவுக்கு அவள் குரல் மட்டும் அடுப்படியைத் தாண்டிக் கேட்டது.

"ஆமா சார். ஆமா. இல்ல சார், இப்ப உடம்பு தேவலை. அனுப்புங்கோ சார்."

திரும்பி வந்தாள். "வந்துடுத்தாம். அடுத்ததை அனுப்பறாராம். கொஞ்சம் பெரிசாம்." சொல்லும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கட்டு திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் முதல் பக்கத்தை அவள் உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. உதடு முதல் வரியைப் படிக்கத் தொடங்கியது.

சுஜாதா வரிகள் ஓடிய சின்னச் சன்னலை மூடினாள். ஸ்க்ரூ டிரைவரையும் பழைய குச்சியையும் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள். அவள் போனதை பார்கவி கவனிக்கவில்லை.